வளைந்து கொடுப்பவரும் வளைத்துப் போடத்தக்கவரும்: ஓர் இணைச்சொல் செயலியோடு மூன்று மாதம்

"நீங்க அந்தப் பொண்ணைப் பாராட்டித்தானே எழுதினீங்க?" என்று தொலைபேசியில் கேட்டார் அவர்.

எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. என்னிடம் இரண்டு வருடம் மொழிபெயர்ப்பு வேலை பழகிய பெண் ஒருத்தி புது இடத்துக்கு விண்ணப்பித்திருந்தாள். அவளுக்காக ஆங்கிலத்தில் ஒரு பரிந்துரைக் கடிதம் எழுதி அனுப்பியிருந்தேன். "பாராட்டித்தான் எழுதினேன் சார். ஏன், என்ன ஆச்சு?"

"ரொம்ப பிளையபிள்னு எழுதியிருக்கீங்களே. யாரு என்ன சொன்னாலும் தலையாட்டுவாங்கன்னு அர்த்தம் வருது. அப்படி ஒருத்தர் கிடைச்சா எங்களுக்கு வசதிதான். ஆனா நீங்க அதைச் சொல்ல வரலைன்னு நினைக்கிறேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குக் காது சுட்டது.

அந்தச் சொல் என்னுடையது இல்லை. கடிதத்தின் முதல் வரைவில் 'ஃபிளெக்ஸிபிள்' என்று இரண்டு இடத்தில் எழுதியிருந்தேன். ஒரே சொல் இரண்டு தடவை வந்தால் கண்ணை உறுத்துமே என்று, அப்போதுதான் சந்தா கட்டியிருந்த இணைச்சொல் செயலியில் தட்டிப் பார்த்தேன். பச்சைக் குமிழிகளாக முப்பத்துச் சொச்சம் சொற்கள் வந்தன. முதல் குமிழியில் 'பிளையபிள்', அதன் கீழே 'மிக நெருக்கம்' என்று ஒரு முத்திரை. எடுத்து ஒட்டினேன், அனுப்பினேன். அதன் பலன்தான் இந்தத் தொலைபேசி அழைப்பு.

அதற்குப் பிறகு மூன்று மாதம் அந்தச் செயலியை விடாமல் பயன்படுத்தினேன். கோபத்தில் பாதி, ஆர்வத்தில் பாதி. இயந்திரக் கையேடுகளும் மருத்துவக் குறிப்பேடுகளும் மொழிபெயர்ப்பது என் தொழில் என்பதால், 'வளைகிற' சொற்கள் வாரத்துக்கு நாலு தடவையாவது என் மேசைக்கு வரும். செயலியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. இதே வகையில் வேறு இரண்டையும் சோதனைக் காலத்துக்குள் பார்த்தேன், மூன்றுக்கும் நோய் ஒன்றுதான்.

நோய் என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஃபிளெக்ஸிபிள் என்று தேடினால் பிளையபிள், பிளையன்ட், சப்பிள், எலாஸ்டிக், மேலியபிள், டக்டைல், லைத், லிம்பர், அடாப்டபிள், கம்ப்ளையன்ட், டோசைல் எல்லாம் ஒரே அளவுக் குமிழிகளில், ஒரே பச்சையில் வருகின்றன. ஒன்றை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இன்னொன்றை வைத்தால் ஒன்றும் ஆகாது என்பது போல. தமிழ்ப் பொருள் என்று ஒரு பத்தி இருக்கிறது. அதில் பத்துச் சொல்லுக்கு எட்டில் 'நெகிழ்வான, வளையக்கூடிய' என்றே போட்டிருக்கிறார்கள். லைத் என்றாலும் நெகிழ்வான, மேலியபிள் என்றாலும் நெகிழ்வான. தமிழில் துவளும், குழையும், இளகும், நெளியும், மசியும், படியும், இணங்கும் என்று தனித்தனி வினைகள் கிடக்க, எல்லாவற்றையும் ஒரே சாக்கில் கட்டிவிட்டார்கள்.

பிளையபிளுக்கே வருகிறேன், ஏனென்றால் சூடு பட்டது அங்கேதான். இந்தச் சொல் பொருள்களுக்கு நல்லது, ஆளுக்கு ஆகாது. மெழுகு, ஈரக் களிமண், மெல்லிய கம்பி, சூடுபடுத்திய பிளாஸ்டிக் இவையெல்லாம் பிளையபிளாக இருந்தால் வேலை சுலபம். ஒரு மனிதரை அப்படிச் சொன்னால் யார் வேண்டுமானாலும் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திருப்பலாம் என்ற வாடை வந்துவிடும். ஆங்கிலத்தில் இது நேற்று வந்த வாடையும் இல்லை. 1678இல் வெளிவந்த ஓர் ஆங்கில உருவகக் கதையில் ஒரு பாத்திரத்துக்குப் பெயரே பிளையபிள். நாயகன் பேசியதைக் கேட்டதும் உற்சாகமாகக் கூடவே கிளம்புவார். வழியில் ஒரு சேற்றுக்குழி வந்ததும் வந்த வழியே வீட்டுக்குத் திரும்பிவிடுவார். முந்நூற்றைம்பது வருடமாக ஒரு சொல்லின் தலையில் இருக்கும் பழி அது. செயலி அதைப் பற்றி ஒரு சொட்டுக் குறிப்பும் தரவில்லை.

விதிவிலக்கு குழந்தைகள். குழந்தையின் மனத்தைப் பிளையபிள் என்றால் யாரும் முகம் சுளிப்பதில்லை. நாமும் சின்னப் பிள்ளையைப் 'பச்சை மண்' என்கிறோமே, அதே எண்ணம்தான். ஐந்தில் வளைய வேண்டும் என்று பழமொழியே இருக்கிறது. அதனால் ஐந்து வயதில் அது பாராட்டு. முப்பது வயதுப் பெண்ணின் பரிந்துரைக் கடிதத்தில் அதே சொல் அவளுடைய முதுகெலும்பைப் பற்றிய கேள்வியாகிவிடுகிறது.

அன்றிரவு தமிழில் யோசித்துப் பார்த்தபோதுதான் எனக்கு முடிச்சு அவிழ்ந்தது. நாம் 'வளைந்து கொடுப்பவர்' என்கிறோம். 'வளைத்துப் போடலாம், சுலபமான ஆள்' என்றும் சொல்கிறோம். இரண்டிலும் வளைவுதான். ஆனால் முன்னதில் அவர் தானாக வளைகிறார், கூடவே ஒரு 'கொடு' இருக்கிறது. மனமுவந்து தருகிற காரியம். பின்னதில் வளைப்பவர் வேறொருவர், கூடவே ஒரு 'போடு' இருக்கிறது. பள்ளியில் தன்வினை, பிறவினை என்று படித்தோமே, வளைந்தான், வளைத்தான், அந்த ஒற்றைப் புள்ளிதான் இவ்வளவு வேலையும் செய்கிறது. பிளையபிள் என்பது வளைக்கத்தக்க. நான் எழுத நினைத்தது வளைந்து கொடுக்கிற. அந்தப் பெண் எனக்காகப் பல ராத்திரி வேலை நேரத்தை மாற்றிக்கொண்டாள், புது மென்பொருளை இரண்டே நாளில் பழகினாள். ஆனால் ஒரு சொல் தப்பு என்று தோன்றிவிட்டால் என்னிடமே ஒரு மணி நேரம் வாதாடுவாள். அவளை வளைத்துப் போடுவதா? நல்ல கதை.

பிளையன்ட் பற்றி ஒரு சின்னச் செய்தி. அது பழைய பிரெஞ்சில் 'வளைகிற' என்ற எச்ச வடிவம்; அமைப்பைப் பார்த்தால் தன்வினைப் பக்கம். அதனால் இது கௌரவமான சொல்லாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. ஆட்சியாளருக்குத் தலையாட்டும் பத்திரிகை, கை தூக்கும் நாடாளுமன்றம், இவற்றைத் திட்டத்தான் அதை அதிகம் எடுக்கிறார்கள். இலக்கணம் ஒரு பக்கம் இழுக்கிறது, வழக்கு இன்னொரு பக்கம் இழுக்கிறது. கடைசியில் ஜெயிப்பது வழக்குதான்.

சரி, செயலியில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. 'வேர்' என்று ஒரு தாவல். காசு கொடுத்ததற்கு அது மட்டும் போதும் என்று சில நாள் தோன்றியது. பிளையபிள் என்று போட்டால் லத்தீன் 'பிளிகாரே', அதாவது மடித்தல் என்ற வினைக்குக் கொண்டுபோய் நிறுத்துகிறது. அங்கிருந்து கிளைகளைத் தொட்டுக்கொண்டே போகலாம். கம்பியை மடக்கும் பிளையர் அங்கிருந்து வந்தது. மரத் தகடுகளை மடிப்பு மடிப்பாக ஒட்டிய பிளைவுட் அங்கிருந்து வந்தது. காம்ப்ளிகேட்டட் என்றால் சேர்த்து மடித்தது, அதனால்தான் சிக்கல். டூப்ளிகேட் இரு மடிப்பு. ரிப்ளை, திருப்பி மடித்தது. அப்ளிகேஷனும் அதே குடும்பம். ஆக நான் திட்டிக்கொண்டிருக்கும் இந்த 'ஆப்' என்பதே பிளையபிளுக்கு ஒன்றுவிட்ட சொந்தம்.

ஆனால் அதே தாவல் எனக்கு ஒரு பொறியையும் காட்டியது. கம்ப்ளையன்ட் என்ற சொல்லில் 'பிளை' கேட்கிறது, பொருளும் இணங்கிப் போகிற என்பதுதான், ஆகவே இதுவும் அதே மடிப்புக் குடும்பம் என்று யாரும் நினைப்பார்கள். இல்லை. இது 'நிறைவேற்று, பூர்த்தி செய்' என்ற லத்தீன் வினையிலிருந்து வந்தது. அதனால்தான் விதிகளுக்கு உட்பட்டது என்று சொல்ல அது சரியாகப் பொருந்துகிறது: விதி கேட்டதைப் பூர்த்தி செய்தாயிற்று. நுரையீரல் மருத்துவத்தில் இதே சொல்லுக்கு வேறு முகம் இருக்கிறது. அழுத்தம் ஓர் அலகு கூடினால் நுரையீரல் எவ்வளவு விரிகிறது என்ற அளவுதான் அங்கே கம்ப்ளையன்ஸ். நுரையீரல் நோய்க் குறிப்பேடு ஒன்றில் அதை 'இணக்கம்' என்று மாற்றிவிட்டுப் பிறகு நானே படித்துத் திடுக்கிட்டு, 'விரியும் திறன்' என்று திருத்தியிருக்கிறேன். தமிழ் எழுத்தில் கம்ப்ளையன்ட்டும் கம்ப்ளெயின்ட்டும் பக்கத்துப் பக்கத்தில் நின்று செய்யும் கலாட்டா தனி.

கேஸ்கெட் கதையும் சொல்ல வேண்டும். ஒரு பம்பின் பராமரிப்புக் கையேட்டில், கசியாமல் இருக்க இரண்டு பாகங்களுக்கு நடுவே வைக்கும் கேஸ்கெட்டைத் திரும்பப் பொருத்தும் முன் அது இன்னும் பிளையபிளாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லியிருந்தார்கள். செயலி சொன்னபடி 'நெகிழ்வாக இருக்கிறதா எனச் சரிபார்க்கவும்' என்று எழுதினேன். வரைவைப் படித்துப் பார்த்த மெக்கானிக் என்னைக் கூப்பிட்டார்.

"மேடம், நெகிழ்வுன்னா என்ன பாக்கணும்? அமுக்குனா அமுங்குதான்னா, இல்ல விறைச்சுப் போச்சான்னா?"

"ரெண்டாவதுதான்."

"அப்ப அதையே எழுதிடுங்களேன். மடக்கிப் பாரு, வெடிச்சா மாத்துன்னு."

அவர் சொன்னதுதான் சரி. 'கையால் மடக்கிப் பார்க்கவும். விறைத்திருந்தாலோ வெடிப்பு விட்டாலோ புதியதை மாற்றவும்' என்று ஆயிற்று. பிளாஸ்டிக் ஒயர் உறையும் அப்படித்தான். பிவிசி இயல்பில் விறைப்பான பொருள்; அதில் இளக்கி சேர்ப்பதால்தான் ஒயர் உறை மடங்குகிறது. வருடக்கணக்கில் சூட்டில் கிடந்து அந்த இளக்கி வெளியேறிவிட்டால், தொட்டதும் உடைகிறது. நம் மொழியில் இந்தக் குணத்தை அது போன பிறகுதான் கவனிக்கிறோம் போலிருக்கிறது. விறைத்துப்போச்சு, இறுகிப்போச்சு, பிடித்துக்கொண்டது என்று போனதற்கு எத்தனை சொற்கள்!

மேசையில் நான் செய்த ஒரு சோதனையையும் எழுதிவிடுகிறேன், செயலியின் எந்தப் பாடத்தையும் விட எனக்கு அதிகம் உதவியது இதுதான். ஒரு ரப்பர் பேண்ட், ஒரு பேப்பர் கிளிப், ஒரு மெழுகுவர்த்தித் துண்டு. மூன்றையும் வளைத்துவிட்டு விட்டேன். ரப்பர் பேண்ட் உடனே பழைய உருவத்துக்கு வந்தது: அது எலாஸ்டிக். கைச்சூட்டில் இளக்கிய மெழுகு வளைத்த நிலையிலேயே நின்றது: அது பிளையபிள். கிளிப்தான் சுவாரசியம். கொஞ்சமாக வளைத்தால் துள்ளித் திரும்புகிறது, அளவு தாண்டினால் அப்படியே நின்றுவிடுகிறது, அதே இடத்தில் பத்துப் பன்னிரண்டு தடவை முன்னும் பின்னும் மடக்கினால் ஒடிகிறது. ஒரே கம்பி, வளைக்கிற அளவைப் பொறுத்து மூன்று பெயரடை. நீட்சிக்கு ஏற்ற விசை என்ற விதியை ஆங்கில அறிவியலாளர் ராபர்ட் ஹூக் 1678இல் அச்சில் வெளிப்படுத்தினார். அந்த விதி செல்லுபடியாகும் எல்லைக்குள்தான் கிளிப் துள்ளித் திரும்புகிறது. எலாஸ்டிக் என்ற சொல்லே அந்த நூற்றாண்டில் புதிது. அதை முதலில் ஒட்டியது ரப்பரோடு இல்லை, அழுத்தினால் திரும்ப விரியும் வாயுக்களோடு என்பது எனக்கு உண்மையிலேயே புதிய செய்தி.

ஆக என்னிடம் இப்போது இரண்டு கேள்விகள் இருக்கின்றன. யார் வளைக்கிறார்கள்? விட்டால் திரும்புமா? எந்தக் குமிழியைத் தொடும் முன்பும் இந்த இரண்டையும் கேட்டுக்கொள்கிறேன். ரெஸிலியன்ட் என்றால் துள்ளித் திரும்புவது, லத்தீனில் அப்படியே பின்னால் குதிப்பது. அடி வாங்கியதும் உள்ளே அடக்கம். அடி படாதவரை ரெஸிலியன்ட் என்று சொல்வது, மழையே பெய்யாத கூரையை ஒழுகாத கூரை என்று சொல்வது மாதிரி. செயலி அதையும் ஃபிளெக்ஸிபிளின் இணை என்றுதான் போட்டிருக்கிறது.

மேலியபிள், டக்டைல் இரண்டும் உலோகக்காரர்களின் சொற்கள், சுருக்கமாக முடித்துவிடலாம். மேலியபிளுக்குள் ஒரு சுத்தியல் இருக்கிறது. காதுக்குள் இருக்கும் சுத்தி எலும்புக்கும் அதே லத்தீன் பெயர்தான். அடித்தால் தகடாகும். டக்டைல் இழுத்தால் கம்பியாகும். 1 கிராம் தங்கத்தைச் சுமார் 1 சதுர மீட்டர் தகடாக அடிக்கலாம், சுமார் 2 கிலோமீட்டர் கம்பியாகவும் இழுக்கலாம், அதனால் தங்கம் இரண்டுமே. ஈயம் சுத்தியலுக்கு நன்றாகப் பணியும், கம்பியாக இழுத்தால் சீக்கிரம் அறுந்துவிடும். ஈயம் என்ற ஒன்று இருக்கும்வரை இந்த இரண்டு சொல்லும் இணைச்சொல் ஆக முடியாது. நம் பள்ளி அறிவியல் புத்தகமே தகடாகும் பண்பு, கம்பியாகும் பண்பு என்று பிரித்துத்தான் வைத்திருந்தது. காசு வாங்குகிற செயலி பிரிக்கவில்லை.

சப்பிளில்தான் நான் அதிக நேரம் தங்கினேன். உயிருள்ளதுக்கும், ஒரு காலத்தில் உயிரோடு இருந்ததுக்கும் உரிய சொல் அது: உடம்பு, தோல், மூட்டு, பதப்படுத்திய தோல் காலணி. வளைந்தாலும் வெடிக்காத, மடிப்பு விழாத, உள்ளே ஈரமும் எண்ணெயும் இருக்கிற வளைவு. மனத்துக்குச் சொன்னாலும் பாராட்டாகவே நிற்கும். அதன் வேரைத் தேடினால் லத்தீன் 'சப்ளெக்ஸ்' வருகிறது: மண்டியிட்டு மன்றாடுகிறவர். உடம்பை வளைப்பது பணிவாகி, பிறகு பணிவு கழன்றுபோய் வளைவு மட்டும் மிஞ்சியிருக்கிறது. படித்ததும் 'வணங்கு' என்ற நம் சொல் நினைவுக்கு வந்தது. வணங்குதலுக்கு வளைதல் என்றும் பொருள், தொழுதல் என்றும் பொருள். அதனால்தான் யாருக்கும் தலை வளைக்காதவன் வணங்காமுடி. அவர்கள் சொல்லில் கும்பிடு போய்விட்டது. நம் சொல்லில் வளைவு ஏறக்குறைய மறந்துபோய்க் கும்பிடு மட்டும் நிற்கிறது. எதிரெதிர் திசையில் போன இரண்டு வண்டிகள். இதைப் படித்த அன்று செயலிக்குக் கொடுக்க நினைத்த மதிப்பெண்ணில் ஒரு நட்சத்திரம் கூட்டினேன், மறுநாள் வினாடி வினாவைப் பார்த்துவிட்டுத் திரும்ப எடுத்துக்கொண்டேன்.

மூட்டுப் பயிற்சிக் குறிப்பேடு ஒன்றில் 'மூட்டுகளைச் சப்பிளாக வைத்திருக்க' என்று வந்ததற்கு நான் கடைசியில் எழுதியது 'மூட்டுகள் பிடித்துக்கொள்ளாமல் இருக்க'. பெயரடையே காணாமல் போய்விட்டது, ஆனால் வாசிக்கும் பெரியவருக்கு அதுதான் புரியும்.

லைத், லிம்பர் இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். லைத் பார்க்கிறவர் கண்ணுக்கு: ஒல்லியான, நளினமாக நெளிகிற உடல், பூனை, நடனக்காரர். துவளும் உடல் என்று எழுதலாம், ஆனால் 'துவண்டு' என்று எழுதிவிட்டால் ஆள் களைத்துச் சரிந்துவிடுவார். லிம்பர் அந்த உடம்புக்கு உரியவருக்கு: தசையை இளக்கி, ஓடத் தயாராக இருக்கும் நிலை. எண்பது வயதுக்காரரை லிம்பர் என்றால் மகிழ்வார். லைத் என்றால் கிண்டல் செய்கிறீர்களோ என்று பார்ப்பார்.

இனி வினாடி வினா. கயிற்றைத் தாண்டிக் குதித்த நடனக்காரருக்கு ஒரு கோடிட்ட இடம். நான் சப்பிள் போட்டேன், சிவப்பு. விடை லைத். இரண்டும் பொருந்துகிற வாக்கியம் அது. ஏன் ஒன்று தவறு என்று ஒரு வரி விளக்கம் கிடையாது. காயாமல் ஈரமாக வைத்த களிமண் எப்படி இருக்கும் என்று இன்னொன்று. நான் பிளையபிள் என்றேன், சிவப்பு. விடை ஃபிளெக்ஸிபிளாம். வேடிக்கை பாருங்கள், ஆளுக்கு ஆகாத இடத்தில் பிளையபிளை நீட்டிய அதே செயலி, அது சொந்த வீடு மாதிரி உட்காரும் இடத்தில் அதைத் தவறு என்கிறது. தப்பாகப் போட்ட சொல் அடுத்த நாளும், மூன்றாம் நாளும், ஒரு வாரம் கழித்தும் அட்டையாகத் திரும்ப வருகிறது. நினைவு தேய்வதை ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885இலேயே தன் மீதே சோதித்து எழுதிவிட்டார், இடைவெளி விட்டுத் திரும்பப் பார்ப்பது பலன் தரும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இங்கே அது தப்பான பொருத்தத்தை அழுத்தமாக மனப்பாடம் செய்ய வைக்கிறது, அவ்வளவுதான்.

ஒலிப்பு நன்றாக இருக்கிறது, இதைச் சொல்லாவிட்டால் நியாயமில்லை. இருபது வருடமாக 'பிளி' என்று தொடங்கிக்கொண்டிருந்த நான், முதல் அசையை அழுத்திப் 'பிளை' என்று சொல்லக் கற்றது இங்கேதான். லைத்தின் கடைசி ஒலி 'அது' என்பதில் வரும் து போல மென்மையானது, 'பத்து' என்பதில் வருவது போல இல்லை என்று காதால் பிடித்தேன். சப்பிளிலிருந்து வரும் வினையடையை எழுதினால் 'சப்ளை' என்ற சொல்லின் அதே எழுத்துகள்தான் வரும், படிக்கும்போது 'சப்ளி'. இதைச் செயலி ஒழுங்காக வேறுபடுத்திச் சொல்கிறது. இணையம் இல்லாமலும் ஓடுகிறது, பயணத்தில் உதவியது.

ஃபிளெக்ஸிபிளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே என்று கேட்பீர்கள். சொல்ல அதிகமில்லை. எல்லாருக்கும் நல்ல பிள்ளையாக இருக்கும் சொல் அது: குழாய்க்கும் பொருந்தும், விதிக்கும் பொருந்தும், ஆளுக்கும் பொருந்தும், யாரையும் புண்படுத்தாது. வேலை விளம்பரத்தில் வந்தால் மட்டும் யார் வளைகிறார்கள் என்ற என் முதல் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். 'ஃபிளெக்ஸிபிள் நேரம்' என்றால் நேரம் நமக்காக வளையும் என்று நாம் படிக்கிறோம். எழுதியவர், நாம் நேரத்துக்காக வளைவோம் என்று எழுதியிருப்பார். 'ஃபிளெக்ஸிபிளாக இருக்க வேண்டும்' என்று வந்துவிட்டால் ஐயமே வேண்டாம், ஞாயிற்றுக்கிழமையும் போன் வரும்.

இணைச்சொற்களை அடுக்குவது என்னவோ நேற்று வந்த தொழில்நுட்பம் போலச் செயலியின் அறிமுகப் பக்கம் பெருமைப்படுகிறது. பீட்டர் மார்க் ரோஜே என்ற மருத்துவர் 1852இல், தம் எழுபத்து மூன்றாம் வயதில், தம் தொகுதியை வெளியிட்டார். அவர் சொல்லுக்குச் சொல் என்று அடுக்கவில்லை, கருத்துக்குக் கருத்து என்று அடுக்கினார். மென்மை ஒரு தலைப்பு, மீண்டு வரும் தன்மை பக்கத்திலேயே வேறு தலைப்பு. என் ரப்பர் பேண்டும் மெழுகும் அவர் வீட்டில் தனித்தனி அறையில்தான் இருந்தன. செயலிக்காரர்கள் நடுச்சுவரை இடித்து ஒரே கூடமாக்கிவிட்டார்கள்.

சந்தா நச்சரிப்பு வழக்கம்போல. இரவு பதினோரு மணிக்கு 'உங்கள் சொற்கள் உங்களைத் தேடுகின்றன' என்று அறிவிப்பு வரும். அணைக்கும் பொத்தான் மூன்று பட்டியலுக்கு அடியில் இருக்கிறது.

யாருக்கு ஆகும்? ஆங்கிலம் ஓரளவு படித்தவர், சொல் தெரியும், நாக்கு நுனியில் நிற்கிறது, வர மாட்டேன் என்கிறது, அந்த நேரத்துக்கு ஆகும். குமிழியைப் பார்த்ததும் 'ஆ, இதுதான்' என்று அடையாளம் தெரிந்துவிடும். புதிதாகப் படிக்கிறவர், அதுவும் தேர்வுக்கோ வேலைக் கடிதத்துக்கோ தயாராகிறவர், இதன் தமிழ்ப் பத்தியை நம்பி இறங்க வேண்டாம். இறங்கியே ஆக வேண்டும் என்றால், எடுத்த சொல்லை எடுத்துக்காட்டு வாக்கியங்களில் தேடிப் பார்த்து, அது எதன் பக்கத்தில் உட்கார்கிறது, மனிதர் பக்கத்திலா மெழுகின் பக்கத்திலா என்று கவனித்துவிட்டு எழுதுங்கள். அந்த வாக்கியங்கள் நல்ல வாக்கியங்கள்தான், நான் அன்று அந்தத் தாவலைத் திறக்காதது என் சோம்பல்.

ஐந்துக்கு இரண்டரை. வேர்த் தாவலுக்கு ஒன்றரை, ஒலிப்புக்கு ஒன்று.

கடிதத்தை அன்று மாலையே திருத்தி அனுப்பினேன். பிளையபிளை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வேறு பெயரடை எதையும் வைக்கவில்லை. புது மென்பொருளை இரண்டு நாளில் பழகியதையும், என்னோடு வாதாடி இரண்டு கையேடுகளைத் தவறுகளிலிருந்து காப்பாற்றியதையும் இரண்டு வரியாக எழுதினேன். தமிழ்ப் பத்தியில் இருக்கும் எட்டு 'நெகிழ்வான'களையும் பட்டியலிட்டுச் செயலிக்காரர்களுக்கும் ஒரு பிழை அறிக்கை அனுப்பியிருக்கிறேன். ஆறு வாரம் ஆகிறது. ஆண்டுச் சந்தாவுக்கு மாறவில்லை. வேர்த் தாவலுக்காக மாதச் சந்தா மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது.